தெருவில் எதிர்ப்பட்டவரைக் குறிப்பெடுத்த மருத்துவர்: 1817-ன் ஒரு சிறுநூல் எழுப்பும் கேள்விகள்

மேடையில் ஒரு தலைவரின் கை நடுங்குகிறது. சில நொடி வீடியோவை வைத்துக்கொண்டு, அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத மருத்துவர் "இது இன்ன நோய்" என்று சொல்லிவிடுகிறார். இது சரியா என்று கேட்டால், ஆதரிப்பவர்கள் காட்டக்கூடிய வலுவான முன்னுதாரணம் ஒன்று உண்டு. நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய் இப்படித்தானே மருத்துவ நூலுக்குள் வந்தது?

பாதி உண்மை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் லண்டனில் வெளியிட்ட 66 பக்கச் சிறுநூலில் ஆறு நோயாளிகள்தான் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவர் தூரத்தில் கண்ணில் பட்டவர், அவ்வளவுதான். நரம்பியலின் மிக முக்கியமான நூல்களில் ஒன்று, பாதிக்குப் பாதி முன்பின் அறியாதவர்களைப் பார்த்து எழுதப்பட்டது.

ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தால் வீடியோ மருத்துவர்களுக்கு அது நல்ல சாட்சி அல்ல என்பது புரியும். அவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், அதனால் நோயைப் பற்றி எதைத் தவறவிட்டார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்தத் தெரு, எந்த மருத்துவர்

பார்க்கின்சன் 1755-ல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். 1824-ல் இறக்கும்வரை தொழில் செய்ததும் அங்கேதான். தந்தையும் மருத்துவர். மாளிகைகளுக்குப் போகும் பட்டதாரி மருத்துவர் வகுப்பைச் சேர்ந்தவர் அல்ல இவர். மருந்து கொடுப்பது, கட்டியைக் கீறுவது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று எல்லாம் செய்யும் வட்டார வைத்தியர். ஷோர்டிச் பங்கின் (தேவாலய நிர்வாக வட்டாரத்தின்) ஏழைகளுக்கான மருத்துவராகவும் இருந்தார். நடந்து போய்ப் பார்க்கும் தொழில் என்பதால் தெருவில் வருவோர் போவோரைப் பார்ப்பது அவருடைய அன்றாடம்.

இன்னும் இரண்டு விவரங்கள் இங்கே முக்கியம். ஒன்று, அவருக்குச் சுருக்கெழுத்து தெரியும். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் 1785-ஆம் ஆண்டு விரிவுரைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அவர். கேட்டதைக் கேட்டபடி பதிவுசெய்யும் பழக்கம் இருந்தது. இரண்டு, அவரே அரசின் சந்தேகப் பார்வைக்கு ஆளானவர். வாக்குரிமை கேட்ட லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டியின் உறுப்பினராக இருந்தார். 'பழைய ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாக 1794-ல் எழுந்த வழக்கில் மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில் முன் விசாரிக்கப்பட்டார். உளவாளிகள் ஊடுருவிய அமைப்பு அது. தன்னை இன்னொருவர் குறிப்பெடுப்பது எப்படிப்பட்டது என்று தெரிந்த மனிதர்.

ஆறு பேர் கிடைத்த விதம்

நூலில் உள்ள வரிசைப்படி:

1. ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டக்காரர். ஒழுங்கான, மிதமான வாழ்க்கை. இடது கையில் நடுக்கம் தொடங்கியது. பார்க்கின்சனிடம் முறையாகக் காட்டியவர்.

2. தெருவில் எதிர்ப்பட்டவர், வயது 62. வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் ஊழியராக இருந்தவர். எட்டுப் பத்து வருட நோய். முன்பாதத்தில் மட்டும் ஊன்றி நடந்தார். தடி இல்லாவிட்டால் அடிக்கு அடி விழுந்திருப்பார். வேறொரு பங்கின் ஏழைகள் விடுதியில் இருந்தார். குடியும் சீர்கெட்ட வாழ்க்கையுமே காரணம் என்று அவரே உறுதியாகச் சொன்னார்.

3. இவரும் தெருவில் கண்டவர். 65 வயது மதிக்கத்தக்க, நல்ல உடற்கட்டு உள்ள முன்னாள் மாலுமி, அப்போது பிச்சைக்காரர். நடுக்கம் என்று சொல்ல முடியாத அளவுக்கு உடம்பே குலுங்கியது. நடக்கவே முடியாது, ஓட மட்டும்தான் முடியும். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை தடியின் நுனியைத் தரையில் ஓங்கிக் குத்தி, முன்னால் சாயும் உடம்பை நிமிர்த்திக்கொள்வார். ஸ்பானியச் சிறையில் பல மாதம் ஈரத் தரையில் படுத்திருந்ததுதான் காரணம் என்றார்.

4. சுமார் 55 வயதுக் கனவான். ஐந்து வருடமாகக் கை நடுக்கம். ஆனால் அவர் மருத்துவரிடம் வந்தது அதற்காக அல்ல. இடப்பக்கக் கீழ்விலாக்களின் மேல் சீழ்க்கட்டி. அதைக் கீறிச் சீழ் எடுத்தார் பார்க்கின்சன். பிறகு அவர் தொலைதூர ஊருக்குப் போய்விட்டதால் நடுக்கம் என்னவாயிற்று என்பதைத் தொடர முடியவில்லை.

5. தூரத்திலிருந்து மட்டும் பார்க்கப்பட்ட இன்னொரு கனவான். உதவியாள் முன்னால் நின்று இரு தோள்களிலும் கை வைத்துத் தாங்குவார். கனவான் முன்னும் பின்னும் மெதுவாக ஆடிச் சமநிலை பிடிப்பார், ஒரு சொல் சொல்வார், உடனே ஓட்டமெடுப்பார். உதவியாள் விலகி முன்னால் ஓடி, ஏறக்குறைய இருபது காலடி தாண்டியதும் விழாமல் பிடித்துக்கொள்வார்.

6. 72 வயதுக் கனவான். பதினொன்று, பன்னிரண்டு வருட நோய். இடையில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது அந்தப் பக்கத்து நடுக்கம் நின்றது. இரண்டு வாரத்தில் தெம்பு திரும்பியபோது நடுக்கமும் திரும்பியது.

நான்காமவர் விஷயம் பலர் கவனிக்காமல் கடந்துபோவது. கட்டிக்காக வந்தவரின் நடுக்கத்தை நூலில் சேர்த்திருக்கிறார். ஒன்றுக்காகக் கொடுத்த தகவலை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது என்ற, இன்று மருத்துவமனைக் கணினிப் பதிவுகளைச் சுற்றி எழும் பிரச்சினை இங்கேயே இருக்கிறது. தெருவில் கண்டவர்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பது போதாது.

'கவனித்தார்' என்ற ஒரு சொல்லுக்குள் நாலு செயல்

விவாதம் குழம்புவதற்குக் காரணம், நான்கு தனிச் செயல்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவது.

1. பார்த்தல். பொதுத் தெருவில் கண்ணில் படுவதைப் பார்ப்பது. மருத்துவருக்குப் பயிற்சி பெற்ற கண் இருப்பதால் அவருக்குக் கூடுதலாகத் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு நடக்கும்படி யாரையும் கேட்க முடியாது.

2. பேச்சுக் கொடுத்தல். இங்கே மறுமுனையில் இருப்பவருக்கு முதன்முறையாக ஒரு பங்கு கிடைக்கிறது. பதில் சொல்லலாம், சொல்லாமல் போகலாம். ஆனால் தான் சொல்வது அச்சேறும் என்று அவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

3. எழுதி வெளியிடுதல். தெருவில் ஒரு நிமிடம் தெரிந்த உடல் இருநூறு வருடம் நிற்கும் பதிவாகிறது.

4. நோயின் பெயரை அந்த மனிதர்மேல் வைத்தல். "இவருக்கு இது" என்று சொல்வது. இதில் தவறு நேர்ந்தால் விலை கொடுப்பது மருத்துவர் அல்ல.

இரண்டாமவரிடமும் மூன்றாமவரிடமும் பார்க்கின்சன் நான்கையும் செய்தார். ஐந்தாமவரிடம் இரண்டாவது விடுபட்டுப்போனது. பார்த்தார், எழுதினார், நோயைப் பொருத்தினார். என் கணிப்பில் அறநோக்கில் ஆறு பேரிலும் பலவீனமான இடம் இந்தக் கனவானுடையதுதான், பிச்சைக்காரருடையது அல்ல. இது எதிர்பார்ப்புக்கு மாறானது என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தெருவில் ஒரு பிச்சைக்காரரை நிறுத்தி "எத்தனை வருடமாக இப்படி?" என்று கேட்க, நல்ல உடுப்பு உடுத்திய ஒருவருக்கு அந்தக் காலத்தில் அறிமுகம் எதுவும் தேவைப்படவில்லை. கனவானை அப்படி நிறுத்த முடியாது. 'விவரங்களைப் பெற முடியவில்லை' என்று பார்க்கின்சன் எழுதுவதன் பின்னால் இந்தத் தடை இருந்திருக்கும் என்றே படிக்கத் தோன்றுகிறது. வர்க்க மரியாதை கனவானைக் கேள்வியிலிருந்து காப்பாற்றியது, நூலிலிருந்து காப்பாற்றவில்லை. ஏழைகளிடம் கேள்வி கேட்கும் உரிமையை மருத்துவர் தானாக எடுத்துக்கொண்டார். ஆனால் அப்படிக் கேட்டதால்தான் அவர்களுடைய வாய்மொழியும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய மறுப்பும் நூலில் இடம்பிடித்தன.

'வேண்டாம்' என்ற பதில்

இருவருமே சிகிச்சையை மறுத்தார்கள். விடுதிவாசி, இது தீராத நோய் என்று முடிவுசெய்துவிட்டதால் எந்த முயற்சியும் வேண்டாம் என்றார். மாலுமியிடம் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கும்படி சொல்லப்பட்டது. அவருக்கு அதில் சற்றும் விருப்பமில்லை. பார்க்கின்சன் அதைக் கோபமோ உபதேசமோ இல்லாமல் எழுதிவிட்டு நகர்கிறார். நோயாளியின் மறுப்பை அறியாமை என்று சொல்லித் தள்ளாத அந்த இரண்டு வரிகள் நூலின் மிக நேர்மையான வரிகள்.

மறுத்ததில் அவர்களுக்கு நல்ல காரணமும் இருந்தது. மருத்துவமனை என்றால் அன்று என்ன?

முதலில் உள்ளே போவதே கடினம். லண்டன் மருத்துவமனைகள் பலவற்றில் நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சில இடங்களில், இறந்துபோனால் அடக்கச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். தீராத நோய்க்காரர்களைச் சேர்க்கவே தயங்கினார்கள்.

அடுத்து, சிகிச்சை. நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் மேல்முனை என்று பார்க்கின்சன் ஊகித்தார். அதற்கு அவர் முன்வைத்த வழி: பின்கழுத்தில் இரத்தம் எடுப்பது, அதே இடத்தில் கொப்புளம் எழுப்பும் மருந்து போடுவது, பிறகு அந்தப் புண்ணை ஆறவிடாமல் சீழ் வடியவைப்பது. நோயின் இருப்பிடம் பற்றிய ஊகம் தவறு. நோய் மையம் கொண்டிருப்பது நடுமூளையின் கருநிறப் பகுதியில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதில். இந்தச் சிகிச்சைக்கு அந்த மாலுமி உடன்பட்டிருந்தால் வலிதான் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, உடலைப் பற்றிய பயம். 1752-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள் கூறாய்வுக்குப் போயின. அவை போதாமல், கல்லறைகளைத் தோண்டி உடல் திருடி விற்கும் கும்பல்கள் இருந்தன. ஆழமற்ற குழியில் புதைக்கப்படும் ஏழைகள்தான் முதல் இலக்கு. 1831-ல் இதே ஷோர்டிச் வட்டாரத்தில் வாழ்ந்த ஜான் பிஷப், தாமஸ் வில்லியம்ஸ் என்ற இருவர் கூறாய்வுப் பள்ளிகளுக்கு விற்பதற்காகவே கொலை செய்து பிடிபட்டார்கள். அடுத்த வருடமே வந்த கூறாய்வுச் சட்டம், யாரும் உரிமை கோராத ஏழை விடுதி உடல்களைப் பள்ளிகளுக்குத் தர வழிசெய்தது. அறிவியலுக்குத் தேவைப்பட்ட உடல்கள் எந்த வகுப்பிலிருந்து வரும் என்பது அத்துடன் சட்டமாகவே ஆகிவிட்டது.

மருத்துவரின் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், தெருவில் அவரிடம் 'சரி' என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த ஏழைகள் அறிந்திருந்தார்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடிந்ததா?

1815-ல் நெப்போலியப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கடற்படை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. பிச்சையெடுக்கும் முன்னாள் மாலுமி லண்டன் தெருக்களில் அன்றாடக் காட்சி. பிச்சை சட்டப்படி தண்டனைக்குரியது. உதவித்தொகை பெறும் ஏழைகள் தோளில் 'பி' என்ற அடையாளத் துணி தைத்திருக்க வேண்டும் என்ற 1697-ஆம் ஆண்டு விதி 1810-ல்தான் நீக்கப்பட்டது. போலிப் பிச்சைக்காரர்களைக் கண்டுபிடிப்பதையும் வேலையாக எடுத்துக்கொண்ட பிச்சை ஒழிப்புச் சங்கம் லண்டனில் 1818-ல் தொடங்கியது.

இந்தச் சூழலில் ஒரு கனவான் வந்து "உனக்கு ஏன் நடுங்குகிறது?" என்று கேட்டால், அது நோய் விசாரிப்பா, ஏமாற்றுக்காரன் என்று பிடிக்கவா என்பது கேட்கப்படுபவருக்கு உடனே தெரியாது. தன் நடுக்கம் உண்மை என்று காட்ட ஒரு கதையும் சொல்லத்தானே தோன்றும். மாலுமி சொன்ன சிறைக் கதை பொய் என்று சொல்லவில்லை; எந்த நெருக்கடியில் அது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இது அறக் கேள்வி மட்டுமல்ல, தகவலின் தரம் பற்றிய கேள்வியும்கூட.

அன்று இதற்கு விதி ஏதாவது இருந்ததா? மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் 1803-ல் வெளியிட்ட மருத்துவ அற நூல்தான் அக்காலத்தின் முக்கியமான வழிகாட்டி. மருத்துவமனையின் பெரிய வார்டுகளில் நோயாளியை விசாரிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாத குரலில் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதுச் சிகிச்சையைச் சோதிப்பதற்கு முன் சக மருத்துவர்களைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. நோயாளியின் சம்மதம் என்ற இன்றைய கருத்து அதில் இல்லை. அது பேசுவதெல்லாம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் உள்ளே நடப்பதைப் பற்றி. தெருவை அது தொடவே இல்லை. பார்க்கின்சன் மீறிய விதி என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பக்கத்து ஆள் காதில் விழக் கூடாது என்ற அக்கறையைத் தெருவில் எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி, அன்றைய அளவுகோலிலேயே எழுந்திருக்க வேண்டியது.

பெயர் இல்லாவிட்டால் போதுமா

நூலில் யாருடைய பெயரும் இல்லை, படமும் இல்லை. இதே 1817-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சோவியப் பிரிவுக் காப்பாளர் ஜான் தாமஸ் ஸ்மித், லண்டன் பிச்சைக்காரர்களின் உருவங்களை முகத்தோடு செதுக்கி, சிலரைப் பெயரும் சொல்லி நூலாக வெளியிட்டார். அதோடு ஒப்பிட்டால் பார்க்கின்சனின் அடக்கம் பளிச்சென்று தெரிகிறது.

ஆனாலும் இரண்டாமவரின் விவரங்களை மறுபடி பாருங்கள்: 62 வயது, மாஜிஸ்திரேட் அலுவலக ஊழியர், இப்போது ஏழை விடுதிவாசி, தடி ஊன்றி முன்பாதத்தில் நடப்பவர். அன்றைய லண்டனின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒருவர் இதைப் படித்தால் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்ததும் அவர் தெரிந்துகொள்ளும் அடுத்த செய்தி, இவர் குடித்துக் கெட்டதாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்பது. ஓட்டமெடுக்கும் கனவானுக்கோ பெயரே தேவையில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அந்தக் காட்சி பழக்கம்.

பெயர் அல்லாத விவரங்கள் சேரும்போது பெயரின் வேலையைச் செய்துவிடும். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் புகைப்படத்தில் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்கிறது. அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும்.

ஊர் சிறியதாக இருந்தால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு சாட்சி இருக்கிறது. சிறுவனாகத் தந்தையோடு வண்டியில் போகும்போது ஜார்ஜ் ஹன்டிங்டன், ஈஸ்ட் ஹாம்ப்டன் சாலையில் ஒரு தாயையும் மகளையும் கண்டார். மெலிந்து உயர்ந்த இருவரும் வளைந்து, முறுகி, முகத்தைக் கோணியபடி நடந்துபோனார்கள். மருத்துவரான பின் 1872-ல், தாத்தாவும் தந்தையும் வைத்திருந்த குறிப்புகளையும் துணைக்கொண்டு அந்தப் பரம்பரை நோயைப் பற்றி எழுதினார். குடும்பப் பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் வட்டாரம் குறுகியது. 1916-ல் இனமேம்பாட்டுவாதியான சார்லஸ் டேவன்போர்ட்டும் எலிசபெத் மன்சியும் இந்நோய்க்காரர்கள் 962 பேரின் வம்சாவளியைத் தொகுத்தார்கள். 1932-ல் வெஸ்ஸி என்ற மருத்துவர், இந்தக் குடும்பங்களின் முன்னோர் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். அந்த வம்சாவளி தவறு என்று பிறகு நிரூபிக்கப்பட்டது. 1933-ல் ஜெர்மனியின் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஹன்டிங்டன் நோயும் இருந்தது. இதற்கெல்லாம் ஹன்டிங்டனைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதியவரின் கையை விட்டுப்போன குறிப்பு யார் கைக்குப் போகும் என்பதை எழுதுபவர் தீர்மானிக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

கண் பார்த்ததும் கை தொடாததும்

பார்க்கின்சனின் வரையறையைச் சுருக்கினால்: வேலையில் ஈடுபடாத, தாங்கப்பட்டிருக்கும் உறுப்பிலும் தானாக எழும் நடுக்கம், தசை வலு குறைதல், உடல் முன்னால் வளைதல், நடை ஓட்டமாக மாறுதல், புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை.

நடுக்கம், கூன், ஓட்டம் ஆகிய மூன்றும் எதிர்சாரியில் நின்றே பார்க்கக்கூடியவை. அவற்றை இன்றும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் இந்நோயின் மூலக்குறிகளில் ஒன்றான தசை விறைப்பு அவருடைய வரையறையில் இல்லை. காரணம் நேரடியானது. விறைப்பு கண்ணுக்குத் தெரியாது. நோயாளியை உட்காரவைத்து, கையைத் தளர்த்தச் சொல்லி, மருத்துவர் ஒரு கையால் முழங்கையைத் தாங்கி மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். முழுத் தூரமும் ஒரே சீராக எதிர்ப்பு இருக்கும், அல்லது விட்டு விட்டுத் தடுக்கும். இன்னொரு கையால் மேசையைத் தட்டச் சொன்னால் அது கூடுதலாகத் தெரியும். தொடாமல் இது கிடைக்காது. தெருவில் தொட முடியாது.

'அறிவுக்குப் பாதிப்பில்லை' என்பதும் தவறு. மனச்சோர்வும் நினைவுக் குறைவும் பலருக்கு வருகின்றன. அவை நீண்ட நாள் பழகினால் தெரியும். நின்றபடி பேசும் இரண்டு நிமிடத்தில் தெரியாது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் 1828 அளவில் தன் கடிதங்களில் எழுதிய குறிகளைப் பாருங்கள். தன் எழுத்து வரவரச் சிறுத்துப்போவதை அவரே விவரிக்கிறார். எழுத்துச் சிறுத்தல் இன்று இந்நோயின் அறியப்பட்ட குறி. பார்வையாளர் கண்ணில் படாததை நோயுற்றவரே எழுதிவைத்தார்.

பார்க்கின்சனுக்குத் தன் குறை தெரிந்திருந்தது. சோதனையின் இடத்தில் வெறும் ஊகம் நிற்கிறது, உடற்கூறாய்வின் இடத்தில் ஒப்புமை நிற்கிறது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். பிறர் இதை எடுத்து ஆராய வேண்டும் என்பதற்காகவே வெளியிடுவதாகச் சொல்கிறார். வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் காணக் கிடைக்காதது இந்த ஒப்புதல்தான்.

விடுபட்டதை நிரப்பியவர் பாரிஸின் நரம்பியல் மருத்துவர் ஷான் மார்த்தான் ஷார்கோ. விறைப்பையும் மந்த அசைவையும் தனியே பிரித்துக் காட்டி, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவர் அவர். எங்கே அதைச் செய்தார்? ஏறக்குறைய ஐயாயிரம் ஏழைப் பெண்கள் வாழ்ந்த சால்பெத்ரியேர் விடுதி மருத்துவமனையில். அங்கே தொட்டுப் பார்க்கலாம், வருடக்கணக்கில் தொடரலாம், இறந்தபின் கூறாய்வும் செய்யலாம். தலை நடுக்கத்தை மாணவர்களுக்குக் காட்ட, நீண்ட இறகு செருகிய தலையணியை நோயாளிகளுக்குப் போட்டு மேடையில் உட்காரவைத்தார். அறிவு ஆழமானது. ஆனால் அந்தப் பெண்களுக்கு தெருவில் கண்ட மாலுமிக்கு இருந்த ஒரு வசதி இல்லை: 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிப் போய்விட முடியாது.

ஜோசப் மெரிக்: தெருவிலிருந்து மேடைக்கு

1884-ல் லண்டனின் வைட்சேப்பல் சாலையில், லண்டன் மருத்துவமனைக்கு எதிர்க்கடையில், உடல் விகாரத்தைக் காசுக்குக் காட்டிப் பிழைத்த இளைஞர் ஜோசப் மெரிக். எதிரே பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் அவரைப் பார்த்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சோதித்து, அந்த டிசம்பர் 2-ல் நோய்க்கூறியல் கழகத்தின் கூட்டத்தில் நிறுத்திக் காட்டினார். பிறகு மெரிக் போக மறுத்தார். சந்தையில் மாட்டைத் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது என்று அவர் சொன்னதாக, காட்சிக்கடை நடத்திய டாம் நார்மன் பின்னாளில் தெரிவித்தார். கடையில் தன்னைக் காட்டியதற்கு மெரிக்குக்குப் பங்குப் பணம் கிடைத்தது. கழகத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

1886-ல் நிர்க்கதியாக லண்டன் திரும்பியவரிடம் இருந்த ட்ரீவ்ஸின் முகவரி அட்டைதான் அவரை மருத்துவமனை சேர்த்தது. பொதுமக்கள் நன்கொடையில் 1890-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அதே மருத்துவர் ஆதரவும் தந்தார், காட்சிப்பொருளும் ஆக்கினார், இரண்டும் உண்மை. இறந்தபின் எலும்புக்கூட்டைக் கல்லூரி வைத்துக்கொண்டது. 1923-ல் நினைவுக்குறிப்பு எழுதிய ட்ரீவ்ஸ் அவர் பெயரையே 'ஜான்' என்று மாற்றி எழுதினார்.

இன்றைய விதிகள், அவை விடும் இடைவெளி

1. பொது இட நடத்தையைக் கவனிக்கும் ஆய்வுக்கு அமெரிக்க ஆய்வு விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் பதிவிலிருந்து ஆளை எளிதில் அடையாளம் காண முடியக் கூடாது, அல்லது வெளியானால் அவருக்குக் கெடுதல் வரக் கூடாது. மாலுமியைப் பார்த்து எழுதியது இதில் தேறலாம். ஓடும் கனவான் தேறுவது கடினம்.

2. நேரில் சோதிக்காதவருக்கு நோய்ப் பெயர் சொல்வதற்கு மனநல மருத்துவத்தில் தெளிவான தடை உண்டு. 1964-ல் ஒரு அமெரிக்க இதழ், அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் பதவிக்குத் தகுதியானவரா என்று 12,356 மனநல மருத்துவர்களுக்கு எழுதிக் கேட்டது. 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்கில் வென்றார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அத்தகைய கருத்துகளுக்குத் தடை விதித்தது. இது அந்த ஒரு துறையின் விதி. நரம்பியல் மருத்துவர் நடையைப் பார்த்துப் பேசுவதை அது கட்டுப்படுத்தாது.

3. பதிவுசெய்யாமல், எழுதாமல், பேருந்தில் எதிரே இருப்பவரிடம் குறியைக் கண்டுவிட்ட மருத்துவர் என்ன செய்வது? இதற்குக் கட்டாய விதி இல்லை. இரண்டு கேள்விகள் உதவும். முதலாவது, நேரம் முக்கியமா? திடீரென வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் தயங்க இடமில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் வாய்ப்பு. உடனே பேசி 108-ஐ அழைக்க வேண்டும். நடுக்குவாதம் அப்படி அல்ல. இன்றுள்ள மருந்துகள் குறிகளைத் தணிக்கும், நோயின் ஓட்டத்தை நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. ஒரு வாரம் முந்திச் சொல்வதால் பெரிய லாபம் கிடையாது. இரண்டாவது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமா? தடி ஊன்றி வருபவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று பட்டால், தனியாக, தன்னை மருத்துவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நோயின் பெயரைச் சொல்லாமல், "ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுங்கும் கைகளில் பல பார்க்கின்சன் அல்ல. கையை நீட்டும்போது வரும் பரம்பரை நடுக்கம் அதைவிடப் பரவலானது. தைராய்டு மிகைச் சுரப்பாலும், வால்புரோயேட், சால்பியூட்டமால் போன்ற மருந்துகளாலும் கை நடுங்கும். மனநோய் மருந்துகள் சிலவும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் பார்க்கின்சனைப் போலவே தோன்றும் நிலையை உண்டாக்கும். பெரும்பாலும் மருந்தை மருத்துவர் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். எதிர் இருக்கையிலிருந்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.